பொற்பதக்கமும் பெயர்ப்பட்டியலும்

வன்னி மண்ணில் ஹொக்கி ஆட்டம் வேரூன்றியதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நன்று. காலபோக நெல்லை வெட்டிச் சூடடித்து முடித்த பின்னர், மாசி பங்குனி மாதங்களில், வெறுமையாய்க் கிடக்கும் வயல்வெளிகளில் எங்கள் இளைஞர்கள் ஆடுவது உதைபந்தாட்டம். வீதியோரத்து வெளிகளில் கரப்பந்தாட்டம்; பாடசாலை முற்றங்களில் எல்லேயும் வலைப்பந்தாட்டமும்; நிலவு காலத்தில் கிளித்தட்டு. ஹொக்கித் தடியைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மிகச் சிலரே. துரைமாரின் கழகங்களையும் படைமுகாம்களையும் நகரத்துப் பெரிய கல்லூரிகளையும் பற்றிப் படர்ந்த ஆட்டம் அது. கழகமும் துரையும் இல்லாத காட்டுப் பிரதேசத்தை நாடி அது வர வேண்டிய நியாயம் எதுவும் இருக்கவில்லை.

ஆயினும் ஆட்டம் வேறு. ஆட்டத்தைப் பற்றிய பேச்சு வேறு. இறுதிப் போட்டி முடிந்த இரவில் ஒரு கிராமத்துத் தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். யார் கோல் அடித்தான் என்ற பேச்சு சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். யாரை இறக்கினார்கள், யாரை இறக்காமல் விட்டார்கள், அடுத்த முறை மாவட்ட அணிக்கு யார் பெயர் போகும், யார் பெயரை வெட்டுவார்கள் என்ற பேச்சுத்தான் சாமக்கோழி கூவும் வரை நீளும். இதனை வேலையற்றோர் வம்பு என்று படித்தவர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. பெயர்ப்பட்டியல் என்பது என்ன என்பதை வன்னி மக்களைப் போல் அறிந்தவர்கள் இந்நாட்டில் அதிகம் பேர் இல்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரைக் குடிகளின் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் நீக்கியது. அவ்வாறு நீக்கப்பட்டோரின் பிள்ளைகள், 1958-இலும் 1977-இலும் மூண்ட இனக் கலவரங்களின் பின்னர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். பங்கீட்டு அட்டை, நிவாரணப் பட்டியல், காணிக் கச்சேரியின் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல் என்று ஒரு பிரதேசத்தின் அரை நூற்றாண்டு வாழ்வு முழுவதும் எவரோ ஓர் அறையில் அமர்ந்து எழுதிய பட்டியல்களினால் நிர்ணயிக்கப்பட்டது. விளையாட்டு அணியின் பட்டியல் அவற்றுள் மிகச் சிறியதாக இருக்கலாம். ஆனால், எழுதும் கையும் வெட்டும் கையும் ஒரே மாதிரியானவையே.

இந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் தோன்றியது 1998-ஆம் ஆண்டு மார்கழியில், ஓர் ஹொக்கிச் செய்தியின் வழியாக.

அக்காலத்து வன்னியைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1997 மே 13-ஆம் திகதி தொடங்கிய ‘ஜயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை கண்டி வீதியை அண்டிய ஊர்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு வந்தது. 1998 செப்டெம்பர் இறுதியில் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் பெரும் சமர்கள் நடந்து முடிந்திருந்தன. கிளிநொச்சி நகரத்தவரும் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்தவர்களும் மல்லாவி, அக்கராயன், ஸ்கந்தபுரம், புதுக்குடியிருப்பு என்று கொட்டில்களில் நெருங்கி வாழ்ந்தார்கள். மின்சாரம் கிடையாது. எரிபொருள் தட்டுப்பாடு. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் வானொலிக்கு வேண்டிய மின்கலமும் ஒன்று. ஆகவே சைக்கிளைத் தலைகீழாகவோ தாங்கியிலோ நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தில் வானொலியைப் பேசச் செய்தோம். மிதிப்பவருக்கு மூச்சு வாங்கினால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் தேயும். போர்ச் செய்திக்காகவே அத்தனை பாடும். அதன் வாலில் எப்போதாவது ஒரு விளையாட்டுச் செய்தி ஒட்டிக்கொண்டு வரும்.

அவ்வாறு வந்த செய்திதான், பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவின் ஹொக்கி இறுதிப் போட்டியில் தென்கொரியாவை வென்று இந்தியா தங்கப்பதக்கம் பெற்றது என்பது. அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை என்று வாசிப்பவர் சொன்னபோது மிதித்துக்கொண்டிருந்தவர் காலை நிறுத்திவிட்டார், செய்தியும் நின்றுவிட்டது. “பிள்ளையோ? தமிழனோ?” என்றார் அவர். கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை சுமந்து, ஆலை மூடப்பட்டபின் கூலி வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவர். அவருடைய பெற்றோர் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள்.

தமிழர்தான். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்தவரல்லர். மகாராஷ்டிர மாநிலத்தில், பூனா நகரையொட்டிய கட்கி என்னும் படைமுகாம் பகுதியில் 1968 ஜூலை 16-ஆம் திகதி பிறந்தவர். அவருடைய தந்தை நாகலிங்கம் அங்கிருந்த படைக்கலத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். தாய் ஆண்டாளம்மா. பிழைப்புத் தேடிப் பெயர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. சிலர் கப்பலேறி இரப்பர்க் காட்டுக்கும் தேயிலைக் காட்டுக்கும் சென்றார்கள். சிலர் இரயிலேறித் தொழிற்சாலைப் பட்டினங்களுக்குச் சென்றார்கள். புறப்பட்ட வறுமை ஒன்றுதான். மைதானத்தைச் சமப்படுத்துபவனின் பிள்ளைகளுக்கு அம்மைதானத்தில் ஆடுவோர் முறித்து எறிந்த தடிகளும் தேய்ந்து எறிந்த பந்துகளும் கிடைத்தன. முறிந்த தடியைக் கயிற்றினால் இறுக்கிக் கட்டி ஆடினார்கள் சகோதரர்கள். பின்னர் தன்ராஜ் பம்பாய் சென்றார். அங்கு ஒரு கம்பனி அணியில் இடம் கிடைத்தது; அதன் பின் இந்தியன் எயர்லைன்ஸில் உத்தியோகம். 1989 டிசம்பரில் இந்திய அணிக்குள் நுழைந்து, 2004 ஓகஸ்ட் வரை ஆடினார். நான்கு ஒலிம்பிக் விழாக்கள், நான்கு உலகக் கிண்ணங்கள், நான்கு ஆசிய விளையாட்டு விழாக்கள் ஆகியவற்றில் ஆடியவர் என்று அவரைப் போற்றுவார்கள். அடித்த கோல்கள் எத்தனை? 170 என்பர். இந்திய ஹொக்கிச் சம்மேளனம் தன் ஆட்டக்காரரின் கோல்களை ஒழுங்காக எண்ணி எழுதிவைக்கும் வழக்கமே கொண்டிருக்கவில்லை. இந்தச் சிறிய தகவலை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாங்கொக் வெற்றி எத்தகையது என்பதை உணர, அதற்கு முந்திய வரட்சியை நினைக்க வேண்டும். 1928-இல் அம்ஸ்ரடாமில் தொடங்கி 1956-இல் மெல்பேர்ண் வரை இந்தியா ஒலிம்பிக் ஹொக்கியில் தொடர்ந்து ஆறு தங்கங்கள் பெற்றது. 1960-இல் ரோமாபுரியில் பாகிஸ்தானிடம் ஒரு கோலினால் அச்சங்கிலி அறுந்தது. 1964-இல் ரோக்கியோவில் அதே ஒரு கோல் கணக்கில் பதில் கொடுக்கப்பட்டது. 1966-இல், அதே பாங்கொக்கில், ஆசியத் தங்கம். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம். 1980-இல் மொஸ்கோவில், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், ஸ்பெயினை 4-3 என்று வென்று ஒலிம்பிக் தங்கம். அதன்பின் வரட்சி.

இவ்வீழ்ச்சிக்குப் புல்தரையும் ஒரு காரணம். 1976-ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. முந்திய ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இந்தியா அங்கு 7-ஆம் இடத்தைப் பெற்றது. இயற்கைப் புல்லில் பந்தைத் தடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடும் வித்தைக்கு அதுவரை இருந்த விலை ஒரே நாளில் குறைந்துபோயிற்று. ஓட்டமும் வலிமையும் விலை ஏறின. அத்தரையை விரிக்கப் பெரும் பணம் வேண்டும்; அக்காலத்துச் செயற்கைத் தரைக்கு ஆட்டத்தின் முன் தண்ணீர் தெளிக்கவும் வேண்டும். குடிக்கும் நீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் நாடுகளின் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கும்? மண்ணில் ஆடிப் பழகிய கிராமத்துப் பிள்ளை, பெரிய போட்டிக்குப் போகும்போதுதான் அத்தரையைக் கண்ணால் கண்டான். ஆட்டத்தின் விதியை மாற்றாமல், ஆடும் தரையை மாத்திரம் மாற்றி ஒரு வர்க்கத்தையே வெளியேற்ற முடியும் என்பதற்கு ஹொக்கியைக் காட்டிலும் சிறந்த சான்று விளையாட்டு வரலாற்றில் இல்லை.

இவை அனைத்தையும் தாண்டித்தான் 1998-இன் வெற்றி வந்தது. 32 ஆண்டுகளின் பின் ஆசியத் தங்கம். இறுதிப் போட்டி 1-1 என்று சமநிலையில் நின்று, மேலதிக நேரத்திலும் முடிவு காணாமல், தண்ட அடிகளுக்குச் சென்றது. கோல்காப்பாளர் ஆஷிஷ் பல்லால் கொரியரின் அடிகளைத் தடுத்து நிறுத்த, 4-2 என்று இந்தியா வென்றது. பயிற்றுநராக நின்றவர் மகராஜ் கிருஷ்ணன் கௌசிக். 1980-இல் மொஸ்கோ இறுதிப் போட்டியில் கோல் அடித்த அதே கௌசிக். கிரிக்கெட்டின் பெருவெள்ளத்தில் தேசிய விளையாட்டு என்ற வெறும் புகழுரையோடு மூலையில் கிடந்த ஹொக்கியை மறுபடியும் மக்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சில வாரங்கள் சென்றிருக்கும். அதே சைக்கிள், அதே டைனமோ. அடுத்த தொடருக்கு அறிவிக்கப்பட்ட இந்திய அணியில் தன்ராஜ் பிள்ளையின் பெயர் இல்லை என்று செய்தி வந்தது. அவரோடு மூத்த ஆட்டக்காரர் வேறு அறுவரும் இல்லை. வென்று தந்த கோல்காப்பாளர் பல்லாலும் இல்லை. பயிற்றுநர் கௌசிக்கும் தொடரவில்லை. எங்களுடன் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்ப முடியாமல் கேட்டார்: “வெண்டவனை ஏன் தம்பி நிப்பாட்டினவங்கள்?”

மிதித்துக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கூலி கேட்டிருப்பான் ஐயா, வேற என்ன?” என்றார்.

அவர் எந்தப் பத்திரிகையும் படித்திருக்கவில்லை. ஆனால் டில்லியிலும் பம்பாயிலும் பத்திரிகைகள் எழுதியது அதைத்தான். ஆட்டங்களுக்குரிய படியும் ஊதியமும் ஒழுங்காகக் கொடுபடவில்லை என்று தன்ராஜ் வெளிப்படையாகவே சாடியிருந்தார். அதற்குப் பழிவாங்கலே இந்நீக்கம் என்பது அன்று பரவலாக எழுந்த கருத்து. சம்மேளனம் அதனை ஏற்கவில்லை. அது சொன்ன விளக்கம் இரண்டு. ஒன்று, ஆட்டம் திருப்தி தரவில்லை. மற்றது, மூத்தவர்களுக்கு ஓய்வு வழங்கப்படுகிறது.

தங்கப்பதக்கம் வாங்கிய ஆட்டம் திருப்தி தரவில்லையாம்! இரண்டாவது விளக்கம் இன்னும் சுவையானது. ஓய்வு என்பது தொழிலாளி போராடிப் பெற்ற உரிமை. எட்டு மணி நேர வேலை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, பிரசவ விடுமுறை என்று எல்லாம் கேட்டபோது கொடுக்கப்படாத ஓய்வு, கூலி உயர்வைக் கேட்டவுடன் கேளாமலே கிடைத்துவிடுகிறது. தோட்டத்தில் துரை ‘பத்துச்சீட்டு’ எழுதிக் கொடுத்து லயத்தை விட்டு வெளியேற்றுவான். அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கும் நாகரிகம் மாத்திரம் அவனிடம் இருக்கவில்லை.

நீக்கப்பட்ட அணி எவ்வாறு ஆடியது? 1999-இன் தொடக்கத்தில் பாகிஸ்தானுடன் நடந்த தொடரில் இந்தியா தோற்றது. பிறகு தன்ராஜ் திரும்ப அழைக்கப்பட்டார். நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், பாஸ்கரனின் பயிற்சியில், அரையிறுதிக்குச் செல்லப் போலந்தை வெல்ல வேண்டியிருந்தது. 1-0 என்று முன்னணியில் நின்ற அணி, ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்கள் இருக்கையில் ஒரு கோலை விட்டுக்கொடுத்துச் சமநிலையில் முடித்தது. அன்று அவர் அழுததை உலகம் பார்த்தது. 2003-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று இந்தியா முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைப் பெற்றபோதும் அணித்தலைவர் அவரே. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக். அணி 7-ஆம் இடம். தம் நான்காவது ஒலிம்பிக்கில் அவர் களத்தில் நின்றதைக் காட்டிலும் ஓரத்து இருக்கையில் காத்திருந்தது அதிகம். அத்தோடு முடிந்தது.

சம்மேளனம் தன் உரிமையைப் பயன்படுத்தியது, அணியைத் தெரிவது அதன் கடமை, இரசிகனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி புதிதன்று. இதன் ஆணிவேரைத் தேடிச் சென்றால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1879-இல் ஹென்லி படகுப் போட்டியின் அதிபர்கள் யார் ‘கௌரவ’ ஆட்டக்காரன் என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். பணத்துக்காகப் போட்டியிட்டவன் மாத்திரமல்லன், கூலிக்கு உழைக்கும் கைவினைஞனும் தொழிலாளியும்கூடப் போட்டியில் சேரத் தகுதியற்றவர் என்றது அவ்விலக்கணம். பணம் வாங்காமல் ஆடுவதே தூய்மை என்ற கோட்பாடு, உழைக்காமலே உண்ணக்கூடியவர் வகுத்த கோட்பாடாகும். வயல் வேலையை விட்டு ஒரு கிழமை ஆடப் போனால் அக்கிழமை அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவன் அக்கோட்பாட்டை வகுத்திருக்க மாட்டான். துரைகள் கப்பலேறிய பின்னரும் அவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளோடு இக்கோட்பாடும் எங்கள் நாடுகளில் தங்கிவிட்டது.

இந்திய ஹொக்கியின் முதல் அத்தியாயத்திலேயே இம்முரண்பாடு தலைகாட்டியது. 1928-இல் அம்ஸ்ரடாம் சென்ற அணியின் தலைவர் ஜெய்பால் சிங், சோட்டா நாகபுரியின் முண்டா ஆதிவாசி வகுப்பில் பிறந்தவர், ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர். சிவில் சேவைப் பயிற்சியில் இருந்தபோது விடுமுறை மறுக்கப்பட்டது. விடுமுறையின்றியே சென்று ஆடினார், திரும்பியபோது பயிற்சிக் காலத்தை நீட்டிப்பதாகச் சொன்னார்கள், உத்தியோகத்தையே உதறினார். ஆயினும் இறுதிப் போட்டியில் அவர் ஆடவில்லை. முகாமையாளரோடு ஏற்பட்ட பிணக்கினால் அதற்கு முன்னரே அணியை விட்டு விலகியிருந்தார். மே 26-ஆம் திகதி ஒல்லாந்தரை 3-0 என்று வென்று இந்தியா முதல் தங்கத்தைப் பெற்றபோது, அங்குவரை அழைத்துச் சென்ற தலைவன் களத்தில் இல்லை. பிற்காலத்தில் ஆதிவாசிகளின் உரிமைக்காக அரசியல் நிர்ணய சபையில் முழங்கியவர் இவரே என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதே அணியைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. பம்பாய்த் துறைமுகத்தில் அவ்வணியை வழியனுப்ப வந்தவர்கள் மூவர்: சம்மேளனத்தின் தலைவர், உபதலைவர், ஒரு பத்திரிகையாளர். தங்கத்தோடு திரும்பியபோதோ துறைமுகம் கொள்ளாத கூட்டம். இரசிகர்களாகிய நாமும் இதில் நம்மை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டுகளின் பின், 1932-இல், லொஸ் ஏஞ்சலிஸ் செல்ல அவ்வணிக்குப் போதிய பணம் இருக்கவில்லை. கடன் வாங்கினார்கள், வழிநெடுகக் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பணம் சேர்த்தார்கள். அவ்வழியில் கொழும்பிலும் இறங்கி ஆடினார்கள். தியான் சந்தின் தடியில் பந்து ஒட்டிக்கொள்ளும் விந்தையை இலங்கை கண்டது அவ்வாறுதான்: வித்தை காட்டி வழிச்செலவு தேடிய ஒரு நாடோடிக் கூத்துக் குழுவாக. அமெரிக்காவை அவர்கள் 24-1 என்று வென்ற கதை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. கடன் கதை அவ்வளவாக இல்லை.

1994 முதல் 2008 வரை சம்மேளனத்தின் தலைமையில் இருந்தவர் பஞ்சாபின் முன்னாள் பொலிஸ் அதிபர் கே. பி. எஸ். கில். தேர்தல், கணக்கு, விளக்கம் என்பன அங்கு எவ்வாறு நடந்தன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை; விளைவு சொல்லும். 2008 மார்ச்சில், சிலி நாட்டின் சந்தியாகோ நகரில், பிரித்தானியாவிடம் 0-2 என்று தோற்று, ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் இந்தியா திரும்பியது. 1928-இன் பின் அதுவே முதல் தடவை. அடுத்த மாதம், அணியில் ஒருவரைச் சேர்ப்பதற்காகச் சம்மேளனத்தின் செயலாளர் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டோடு ஒரு தொலைக்காட்சி தன் இரகசிய ஒளிப்பதிவை வெளியிட்டது. செயலாளர் பதவி விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. பத்து ஆண்டுகளுக்கு முன் கூலி கேட்டவனின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. பத்து ஆண்டுகளின் பின் காசு கொடுத்தால் பட்டியலில் பெயர் ஏறும் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நேர்கோடு இருக்கிறது. அதனைத் தேநீர்க்கடை வாங்கில் இருப்பவர்கள் கண்டுவிடுவார்கள். ஆய்வாளருக்குத்தான் சிறிது காலம் எடுக்கும்.

எங்கள் பிரதேசத்தின் இளைஞர்கள் இன்று எந்த ஆட்டத்தை ஆடினாலும் அவர்கள் முன் நிற்கும் வேலி இதே மரத்தால் ஆனதுதான். தேசியத் தெரிவு பெரும்பாலும் கொழும்பில் நடக்கும். முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, நித்திரையின்றி விடியப் போய் இறங்கி, இரவல் சப்பாத்தோடு ஓடிக் காட்ட வேண்டும். பஸ் கட்டணம், சாப்பாடு, ஒரு நாள் கூலி இழப்பு என்று தாய் கணக்குப் பார்ப்பாள். பெண்பிள்ளையாயின் துணைக்குச் செல்பவரின் செலவும் சேரும். ‘திறமை இருந்தால் எங்கிருந்தாலும் வருவான்’ என்று தலைநகரில் இருந்துகொண்டு சொல்வது எளிது. திறமைக்குப் பஸ்ஸில் இலவசம் கிடையாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரின் சிறந்த உதைபந்தாட்டக்காரன் ஒருவன் ஒரு தெரிவுக்குப் போகவில்லை. அன்று வெட்டு நாள். அவனுடைய பெயரைப் பட்டியலிலிருந்து எவரும் வெட்டவில்லை. அது ஏறவே இல்லை.

ஆகவேதான், வென்ற அணி ஏன் கலைக்கப்பட்டது என்று இரசிகன் எழுப்பும் கூச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கூச்சலிலும் ஓர் ஊனம் இருக்கிறது. வென்ற இரவில் ஆட்டக்காரனை ‘எங்கள் பிள்ளை’ என்று தோளில் தூக்குகிறோம். அந்தப் பிள்ளை தன் படியைக் கேட்டவுடன் ‘நாட்டுக்காக ஆடுபவன் காசைப் பேசலாமா?’ என்று முகம் சுளிப்பவர்களும் நாமே. தன்ராஜை முன்கோபி, வாய்த்துடுக்கன் என்று பலர் எழுதினார்கள். இருக்கலாம். கோபமில்லாத மனிதனாக அவர் இருந்திருந்தால் கட்கி மைதானத்தில் கோடு கீறிக்கொண்டு இருந்திருப்பார்.

இதன் தொடர்ச்சி 2010 ஜனவரியில் வந்தது. அதுவும் பூனாவில், அவர் பிறந்த மண்ணில். டில்லியில் நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்கான பயிற்சி முகாமில், அணித்தலைவர் ராஜ்பால் சிங்கும் ஆட்டக்காரர் அனைவரும் தமக்குரிய பணம் தீர்க்கப்படும்வரை பயிற்சியில் இறங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். 1998-இல் தனித்தனியே பேசியவர்கள் தனித்தனியே நீக்கப்பட்டார்கள். 2010-இல் அணி முழுவதும் ஒன்றாக நின்றது. முழு அணியையும் ஓய்வுக்கு அனுப்ப எந்தச் சம்மேளனத்தாலும் முடியாது. மிரட்டல் வந்தது, பேச்சுவார்த்தை வந்தது, ஈற்றில் அனுசரணை வழங்கும் நிறுவனம் ஒரு கோடி ரூபாவைத் தர முன்வந்தது. ஆட்டக்காரர் பயிற்சிக்குத் திரும்பினார்கள். பெப்ரவரி 28-ஆம் திகதி, உலகக் கிண்ணத்தின் முதல்நாளில், பாகிஸ்தானை 4-1 என்று வென்றார்கள். போட்டி முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது 8-ஆம் இடம். ‘பணம் கேட்கத் தெரிந்தது, ஆடத் தெரியவில்லை’ என்று உடனே சிலர் சொன்னார்கள்.

அந்தச் செய்தியை நான் அந்த ஆலைத் தொழிலாளியிடம்தான் கொண்டுபோனேன். போர் முடிந்து, செட்டிகுளம் முகாமில் மாதக்கணக்காக இருந்து, அப்போதுதான் கிளிநொச்சிப் பக்கத்தில் தன் காணிக்குத் திரும்பியிருந்தார். கூரைக்குப் பதில் தறப்பாள். முற்றத்தில் முள்ளை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. தன்ராஜின் பெயரைச் சொன்னதும் சிரித்தார், மறந்திருக்கவில்லை. இந்த முறை எல்லாரும் சேர்ந்து நின்று பணத்தை வாங்கிவிட்டார்கள் என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

“முழுசாக் குடுத்தவங்களோ?”